ஹாரி டீன் ஸ்டான்டன்: முதலிடம் எந்தப் படத்துக்கு, முதலில் பார்க்க வேண்டியது எது?

அமெரிக்க நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர். அவற்றில் பலவற்றில் சில நிமிடங்கள்தான் தலைகாட்டுவார். கைதி, போலீஸ்காரர், மெக்கானிக், பாதிரியார், யாரோ ஒருவரின் அப்பா என்று எதுவாகவும் வந்து போவார். பெயர் சொன்னால் பலருக்குத் தெரியாது, ஒட்டிய கன்னமும் களைத்த கண்களும் கொண்ட அந்த முகத்தைக் காட்டினால், "அட, இவரா!" என்பார்கள். 1926இல் கென்டக்கி மாநிலத்தின் வெஸ்ட் இர்வைனில் பிறந்து, இரண்டாம் உலகப் போரில் ஒக்கினாவாவில் கடற்படைக் கப்பலில் சமையல்காரராக வேலை பார்த்து, 2017 செப்டம்பரில் 91 வயதில் காலமானார். கடைசி ஆண்டிலும் அவர் நடித்த படம் திரைக்கு வந்தது.

இப்படி ஒருவரின் படங்களை வரிசைப்படுத்துவது சிக்கலான வேலை. நல்ல படம் எது என்று கேட்டால் ஒரு வரிசை வரும், அவர் நன்றாக நடித்தது எது என்று கேட்டால் வேறொன்று வரும். 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் அவர் இருக்கிறார். சாட்சி சொல்ல வந்த பென்டாஞ்சலி என்ற பாத்திரத்துக்குக் காவல் இருக்கும் எஃப்பிஐ ஆட்களில் ஒருவர். மாபெரும் படம்தான். ஆனால் அந்த இடத்தில் வேறு யார் நின்றிருந்தாலும் படத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: இவரை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் எவ்வளவு குறையும்?

விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதி சொல்லியிருந்தார். ஸ்டான்டனோ, இன்னொரு குணச்சித்திர நடிகரான எம். எம்மெட் வால்ஷோ துணைப் பாத்திரத்தில் இருக்கும் எந்தப் படமும் முழுக்க மோசமாக இருக்க முடியாது என்பது அது. 1989இல் வந்த 'ட்ரீம் எ லிட்டில் ட்ரீம்' தன் விதியை உடைத்துவிட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். விதி பொய்த்தாலும் அதற்குள் இருக்கும் கணிப்பு சரி. ஸ்டான்டன் வந்து நின்றால் காட்சிக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. ஏன் என்று பல படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் புலப்பட்ட காரணம் ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் உண்மையாகவே கேட்கிறார். தன் வசனம் வரட்டும் என்று காத்திருப்பதே இல்லை. காதில் விழும் ஒவ்வொரு வார்த்தையும் முகத்தில் என்ன செய்கிறது என்பது தெரியும். கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான் அமைகிறது.

முதலிடத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. 'பாரிஸ், டெக்சாஸ்', 1984. விம் வெண்டர்ஸ் இயக்கம், சாம் ஷெப்பர்ட் எழுத்து, ராபி முல்லர் ஒளிப்பதிவு, ராய் கூடரின் ஸ்லைடு கிட்டார். அந்த ஆண்டு கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கியது. முப்பது வருடம் துணைப் பாத்திரங்களில் உழைத்த ஒரு நடிகருக்கு, ஐம்பதைத் தாண்டிய பிறகு, முழுப் படத்தையும் தோளில் சுமக்கும் வேடம் கிடைத்தது.

டிராவிஸ் என்பவர் சிவப்புத் தொப்பியும் அழுக்கேறிய கோட்டும் டையுமாகப் பாலைவனத்திலிருந்து நடந்து வருகிறார். ஒரு கடைக்குள் நுழைந்து ஐஸ் கட்டிகளை வாயில் போட்டு மென்றபடியே மயங்கி விழுகிறார். நான்கு வருடம் காணாமல் போயிருந்தவர். தம்பி வந்து கூட்டிப் போகிறான். வாயே திறக்க மாட்டார். படம் தொடங்கி இருபது நிமிடத்துக்கு மேல் கதாநாயகன் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனாலும் நம் கண் அவரை விட்டு நகர்வதில்லை.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசிக் காட்சிக்கே போவார்கள். நானும் போகத்தான் போகிறேன். அதற்கு முன் நடுவில் வரும் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். டிராவிஸின் மகன் ஹன்டர், தம்பி வீட்டில் வளர்கிறான். முதல் நாள் பள்ளி விட்டதும் அழைத்துவரப் போன அப்பாவைக் கண்டு கூச்சப்பட்டு, நண்பனின் காரில் ஏறிப் போய்விடுகிறான். டிராவிஸுக்கு ஓர் அப்பா எப்படி இருப்பார் என்றே மறந்துபோயிருக்கிறது. பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கிறார். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் யோசனை கேட்கிறார். அவள் திருப்பிக் கேட்கிறாள்: பணக்கார அப்பாவா, ஏழை அப்பாவா? பணக்கார அப்பா என்றால் தரையைப் பார்த்து நடக்கக் கூடாது, வானத்தைப் பார்த்து நடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறாள். தம்பியின் உடுப்பை மாட்டி, தொப்பி வைத்து, அறைக்குள் விறைப்பாக நடந்து பழகுகிறார். மறுநாள் மகன் தெருவின் ஒரு பக்கம், அப்பா எதிர்ப்பக்கம். ஒருவர் நடையை மற்றவர் போலச் செய்தபடி வீட்டை நோக்கி வருகிறார்கள். வசனம் கிடையாது. ஐம்பது வயதுக்காரர் குழந்தையிடம் அனுமதி கேட்கும் காட்சி அது. இதைச் சிரிப்புக் காட்சியாக ஆக்கிவிடாமலும் அழ வைக்கப் பார்க்காமலும் செய்ய எத்தனை பேரால் முடியும்?

அப்புறம் ஹூஸ்டன். மனைவி ஜேன் வேலை செய்யும் இடத்தில் ஒரு பக்கக் கண்ணாடி. அவரால் அவளைப் பார்க்க முடியும், அவளுக்கு அவர் தெரியாது. பேச்சு தொலைபேசி வழியாக. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தங்கள் கதையை வேறு யாரோ இருவரின் கதை போலச் சொல்லத் தொடங்குகிறார். பொறாமை, குடி, அவள் காலில் கட்டிய மணி, தீ. குரல் ஏறுவதே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் ஜேனின் முகம்தான், அதாவது நஸ்டாசியா கின்ஸ்கியின் முகம்தான், நமக்குக் கதையின் பாரத்தைக் காட்டுகிறது. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைக் கேட்டே பெயர் வாங்கிய நடிகர் இங்கே பேச, இன்னொருவர் கேட்கிறார். அது இவ்வளவு நெஞ்சில் இறங்குவதற்கு, படத்தின் தொடக்கத்தில் அவர் காத்த மௌனம் ஒரு காரணம். வேறு நடிகர் என்றால் இந்தப் படமே இல்லை. என் அளவுகோலில் இதற்கு மேல் மதிப்பெண் கிடையாது.

இரண்டாம் இடம்தான் சண்டை. 'லக்கி'க்குக் கொடுக்க வேண்டும் என்பார்கள் பலர். அவர் கதாநாயகனாக நடித்த இன்னொரு படம், கடைசிக் காலத்தில் வந்தது, அவர் வாழ்க்கையையே ஒட்டி எழுதப்பட்டது. நான் இரண்டாம் இடத்தை அவர் சில நிமிடமே வரும் ஒரு படத்துக்குக் கொடுக்கிறேன்: டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி', 1999.

கதை உண்மையில் நடந்தது. ஐயோவா மாநிலத்தின் லாரன்ஸ் ஊரைச் சேர்ந்த ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற முதியவர், பேச்சு வார்த்தை இல்லாமல் போன அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, 1994இல் புல்வெட்டும் வண்டியிலேயே விஸ்கான்சின் வரைக்கும் போனார். கார் ஓட்டக் கண் பார்வை போதாது. ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த் ஆல்வினாக நடித்தார். படப்பிடிப்பின்போது அவருக்கே புற்றுநோய். படம் முழுக்க லைல் என்ற அந்த அண்ணனின் பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. சகோதரர்களுக்குள் என்ன சண்டை என்று முழுதாகச் சொல்லப்படுவதில்லை. கடைசியில் ஒரு சிதிலமான மரவீடு. ஆல்வின் கூப்பிடுகிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார். உள்ளிருந்து குரல் வருகிறது, பிறகு வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஸ்டான்டன் வெளியே வருகிறார்.

இருவரும் திண்ணையில் உட்காருகிறார்கள். லைலின் பார்வை தம்பியைத் தாண்டி, வெளியே நிற்கும் அந்தச் சின்ன வண்டிக்குப் போகிறது. என்னைப் பார்க்க இதிலா இவ்வளவு தூரம் வந்தாய் என்று ஒரு கேள்வி. ஆமாம் என்று ஒரு பதில். அவ்வளவுதான் பேச்சு. வண்டியைப் பார்த்ததற்கும் கேள்வி கேட்டதற்கும் நடுவில் ஸ்டான்டனின் கண்கள் கலங்குவதைப் பாருங்கள். இத்தனை வருடப் பகை அந்தச் சில விநாடியில் தீர்கிறது. மன்னிப்பு என்ற வார்த்தை எங்கும் வராது. அந்தக் கதவிலிருந்து வந்த முகம் சாதாரணமாக இருந்திருந்தால், அதுவரை வந்த பயணமே வீணாகியிருக்கும். அதனால்தான் இது இரண்டாவது. திரையில் எத்தனை நிமிடம் என்று எண்ணுகிறவர்களிடம் இந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

'லக்கி' மூன்றாவது. 2017இல் வந்தது, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது ஸ்டான்டன் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இயக்கியவர் ஜான் கரோல் லிஞ்ச், அவரும் ஒரு குணச்சித்திர நடிகர், இது அவருடைய முதல் படம். பாலைவன ஊரில் தனியாக வாழும் தொண்ணூறு வயது நாத்திகர் லக்கி. காலையில் உள்ளாடையோடு உடற்பயிற்சி, சிகரெட், உணவகத்தில் காபியும் குறுக்கெழுத்தும், மாலையில் மதுக்கூடம். ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுகிறார். மருத்துவர் சோதித்துவிட்டு நோய் ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்கிறார். சாவு வருகிறது என்பதை ஒரு மனிதர் ஏற்றுக்கொள்ளும் கதை.

இதில் எனக்குப் பிடித்த காட்சி இரண்டு. ஒன்று, கடைக்காரப் பெண்மணியின் மகனுக்குப் பிறந்தநாள் விருந்து. எல்லாரும் கேக் தின்று களித்துக்கொண்டிருக்கையில், லக்கி யாரும் கேட்காமலே ஸ்பானிய மொழியில் 'வோல்வேர், வோல்வேர்' பாட ஆரம்பிக்கிறார். குரல் நடுங்குகிறது, ஆனால் சுருதி விலகவில்லை. நிஜ வாழ்வில் ஸ்டான்டன் பல வருடம் மேடையில் பாடியவர். பின்னால் இசைக்குழுவும் மெல்லச் சேர்ந்துகொள்கிறது. இன்னொன்று, உணவகத்தில் டாம் ஸ்கெரிட் நடிக்கும் முன்னாள் போர்வீரரோடு பேசுவது. பசிபிக் போரில் ஒரு சிறுமியைப் பார்த்ததை அவர் சொல்கிறார், லக்கி கேட்கிறார். நான் மேலே சொன்ன அந்தக் கேட்கும் கலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அவர் படங்களில் இல்லை. ஸ்டான்டனும் அந்தக் கடலில் போர் பார்த்தவர் என்று தெரிந்தால் அது இன்னும் ஆழமாகப் போகும்.

அப்படியானால் ஏன் மூன்றாவது? படம் அவரைக் கொண்டாடுவதற்காகவே எடுத்தது போல இருக்கிறது. மதுக்கூடத்தில் தத்துவம் பேசும் இடங்களில் எழுத்து அவர் முகத்தை நம்பாமல் வசனத்தை நம்புகிறது. வளர்த்த ஆமை ஓடிப்போன சோகத்தில், இதில் நடிகராக வரும் டேவிட் லிஞ்ச் பேசும் பேச்சு அழகு, ஆனால் அது அவருடைய காட்சி. ஸ்டான்டனை நேசிக்கிறவர்களுக்கு இந்தப் படம் பொக்கிஷம். முன்பின் தெரியாதவருக்கு அதில் பாதி கைக்குச் சிக்காது.

நான்காம் இடம் அதிகம் பேசப்படாத ஒரு படத்துக்கு: 'ஸ்ட்ரெய்ட் டைம்', 1978, உலு க்ரோஸ்பார்ட் இயக்கம். டஸ்டின் ஹாஃப்மன் சிறையிலிருந்து வெளிவந்த திருடன். ஸ்டான்டன் அவருடைய பழைய கூட்டாளி ஜெர்ரி. திருந்தி, வீடு வாங்கி, நீச்சல் குளத்தோடு நிம்மதியாக இருக்கிறான். ஹாஃப்மன் பார்க்கப் போகிறார். குளக்கரையில் இறைச்சி வாட்டிக்கொண்டே மனைவி நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவள் அந்தண்டை நகர்ந்ததும், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், என்னை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விடு என்கிறான் ஜெர்ரி. படம் பார்க்கிற யாருக்கும் தூக்கிவாரிப் போடும். நல்ல வாழ்க்கை சிலருக்கு மூச்சு முட்டும் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். பிறகு நகைக்கடைக் கொள்ளையில், நேரம் முடிந்துவிட்டது, வா போகலாம் என்று அவன் கெஞ்சும் இடமும் அதே தரம். ஈபர்ட் விதியின் மற்றொரு பாதியான வால்ஷும் இதே படத்தில் பரோல் அதிகாரியாக இருக்கிறார். ஒரே டிக்கெட்டில் இருவர்.

'ரெப்போ மேன்' ஐந்தாவது. இதுவும் 1984, ஒளிப்பதிவும் அதே ராபி முல்லர்தான். தவணை கட்டாதவர்களின் காரைத் தூக்கும் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட பட் என்பவர், எமிலியோ எஸ்டெவெஸ் நடிக்கும் இளைஞனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிறார். அலெக்ஸ் காக்ஸின் படம் கிறுக்குத்தனமும் கோபமும் நிறைந்தது. 1964 செவ்ரோலே மாலிபு கார் ஒன்றின் டிக்கியில் வேற்றுக்கிரகவாசிகள் வேறு. இதில் ஸ்டான்டன் அதிகம் பேசுகிறார், கத்துகிறார், கொள்கை விளக்கம் கொடுக்கிறார். அவரால் இதுவும் முடியும் என்று காட்டுவதற்காகவே பட்டியலில் மேலே இருக்க வேண்டிய படம். டிராவிஸையும் பட்டையும் ஒரே ஆண்டில் ஒரே மனிதர் செய்தார் என்பதை நம்புவதே கடினம். அதே ஆண்டு 'ரெட் டான்' படத்தில் வேலிக்குப் பின்னால் நின்று மகன்களைப் பார்த்துக் கத்தும் அப்பாவும் அவர்தான்.

'ஏலியன்' பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. ரிட்லி ஸ்காட்டின் 1979 படம் அறிவியல் புனைவில் ஒரு மைல்கல், மறுப்பில்லை. பிரெட் என்ற மெக்கானிக்காக, ஹவாய் சட்டையும் தொப்பியுமாக, கூட வேலை பார்க்கும் பார்க்கர் என்பவர் எது சொன்னாலும் 'ரைட்' என்று ஒற்றைச் சொல்லில் ஆமோதித்துக்கொண்டு, சம்பளப் பங்கு குறைவு என்று முணுமுணுத்துக்கொண்டு வருகிறார். விண்வெளிக் கப்பலை நாம் நம்புவதே இவர்கள் இருவராலும்தான், ஏனென்றால் எந்தத் தொழிற்சாலையிலும் இப்படி இரண்டு பேர் இருப்பார்கள். பூனையைத் தேடிப் போகிற இடத்தில், மேலிருந்து சொட்டும் தண்ணீரில் தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை நனைத்துக்கொள்கிறாரே, அது சாகப் போகிறவன் கடைசியாக அனுபவிக்கும் சுகம். அற்புதம். ஆனாலும் அந்த இடத்தில் நாம் இருட்டைத்தான் பார்க்கிறோம், அவரை அல்ல. ஆறாம் இடம்.

ஏழாவதாக 'ப்ரெட்டி இன் பிங்க்', 1986. ஜான் ஹியூஸ் எழுதிய பதின்வயதுக் காதல் கதை. மனைவி விட்டுப்போன, வேலைக்கும் போகாத அப்பா. காலையில் மகள்தான் அவரை எழுப்பிவிட வேண்டும். வேலைக்குப் போவதாகப் பொய் சொன்னதைக் கண்டுபிடித்து மகள் மோலி ரிங்வால்ட் உடைந்து கேட்கும்போது, தன்னைத் தற்காத்துக்கொள்ள அவரிடம் ஒன்றுமே இல்லை என்பது முகத்திலேயே எழுதியிருக்கிறது. காதல் கதை மறந்துபோகும், இந்த அப்பா மறக்க மாட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜான் ஹூஸ்டனின் 'வைஸ் ப்ளட்' படத்தில் குருடர் போல நடிக்கும் போலிப் பிரசங்கி. நல்ல வேடம், படமே கொஞ்சம் கரடுமுரடு. ஸ்கோர்செஸியின் 'தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிறைஸ்ட்' படத்தில் பவுலாக வந்து, உயிரோடு எதிரில் நிற்கும் இயேசுவிடமே, நான் பிரசங்கிக்கும் இயேசுதான் உலகத்துக்குத் தேவை என்று சொல்லும் ஒரு காட்சி உண்டு. அதற்காக மட்டும் பார்க்கலாம். 'கூல் ஹேண்ட் லூக்' படத்தில் கைதிகளுக்கு நடுவே பாடுவார். 'எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க்', 'தி கிரீன் மைல்' இரண்டிலும் வரும்போது மகிழ்ச்சி, போன பிறகு தேட மாட்டோம்.

சரி, இது தரவரிசை. எதில் தொடங்குவது என்பது வேறு கேள்வி. 'ஏலியன்' எளிது, அதில் தொடங்கலாம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதைப் பார்த்துவிட்டு உங்களுக்கு ஸ்டான்டனைத் தெரிந்திருக்காது, பூதத்தைத்தான் தெரிந்திருக்கும். 'லக்கி'யில் தொடங்குவது அதைவிடத் தவறு. விடைபெறும் படத்தை அறிமுகமாகப் பார்க்கக் கூடாது.

இரண்டரை மணி நேரம் ஒதுக்க முடியும், மெதுவாக நகரும் படம் ஒத்துவரும் என்றால் நேரே 'பாரிஸ், டெக்சாஸ்' போங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள். மௌனமாகப் போகும் முதல் அரை மணி நேரத்தைத் தவறவிட்டால் ஹூஸ்டன் காட்சி பாதிதான் வேலை செய்யும். அவ்வளவு பொறுமை இன்றைக்கு இல்லை என்றால் 'ரெப்போ மேன்'. ஒன்றரை மணி நேரம்தான், வேகமாகப் போகும். வீட்டில் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி' மட்டும்தான் பொருந்தும். டிஸ்னி வெளியிட்ட படம், முகம் சுளிக்க வைக்கும் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. குற்றப் படங்கள் பிடித்தவர்கள் 'ஸ்ட்ரெய்ட் டைம்' எடுத்துக்கொள்ளலாம்.

எதில் தொடங்கினாலும் 'ஏலியன்' படத்தை 'லக்கி'க்கு முன்பே பார்த்துவிடுங்கள். அதில் கப்பலின் தலைவராக இருந்தவர் டாம் ஸ்கெரிட். 38 வருடம் கழித்து, உணவகத்தில் அந்தச் சிறுமியைப் பற்றி லக்கியிடம் சொல்வதும் அவர்தான்.